லண்டன் - பாரிஸ்: ஒரு மணி இருபது நிமிடம் என்பது யாருடைய கணக்கு?

லண்டனில் இருந்து பாரிஸ் எவ்வளவு தூரம்? இணையத்தில் தேடினால் ஒரு நொடியில் பதில் வந்து விடும். நேர்கோட்டில் 344 கிலோமீட்டர். விமானத்தில் போனால் சுமார் ஒரு மணி இருபது நிமிடம். கேள்வியும் முடிந்தது, பதிலும் முடிந்தது. இதில் உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம்.

இருக்கிறது! அந்த இரண்டு எண்களும் சரியானவைதான். ஆனால் லண்டனில் ஒரு வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு, பாரிஸில் இன்னொரு வீட்டுக் கதவைத் தட்டப் போகிறவருக்கு இரண்டாலும் பெரிதாக ஒரு பயனும் இல்லை. பயன் இல்லாதது கூடப் பரவாயில்லை. அந்த எண்ணை நம்பி டிக்கெட் வாங்குகிறார்கள், விமான நிலையம் கட்டுகிறார்கள், சட்டம் கூடப் போடுகிறார்கள். அங்கேதான் சிக்கல்.

எந்த தூரம்?

344 என்பது வரைபடத்தில் நூல் பிடித்து அளந்த தூரம். அந்த நூலின் மேல் யாரும் பயணம் செய்வதில்லை. யூரோஸ்டார் ரயில் ஓடும் பாதையின் நீளம் 492 கிலோமீட்டர். காரில் போனால் ஏறக்குறைய 460. நடுவில் ஆங்கிலக் கால்வாய் இருக்கிறது. டோவருக்கும் கலேக்கும் பக்கத்தில் அது மிகவும் ஒடுங்கி, சுமார் 33 கிலோமீட்டர் அகலத்தில் நிற்கிறது. சாலையும் ரயிலும் அந்த ஒடுங்கிய இடத்தைத் தேடிப் போய்க் கடக்க வேண்டும். அதனால்தான் வளைவு, அதனால்தான் கூடுதல் தூரம்.

தூரத்திலேயே இத்தனை பதில் என்றால், நேரத்தில் எத்தனை இருக்கும்?

காற்றில் இருக்கும் நேரம்

1909 ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் தான் வடிவமைத்த சிறு விமானத்தில் கலே அருகில் இருந்து கிளம்பி டோவரில் இறங்கினார். கால்வாயைத் தாண்ட அவருக்கு ஆனது சுமார் 36 நிமிடம். பத்தே ஆண்டுகள் கழித்து, 1919 ஆகஸ்ட் 25 அன்று, லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே தினசரி விமான சேவை தொடங்கியது. இன்றைய ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹவுன்ஸ்லோ ஹீத் திடலில் ஏறி, பாரிஸுக்கு வெளியே லெ பூர்ஜேயில் இறங்க வேண்டும். பறந்த நேரம் சுமார் இரண்டரை மணி.

இன்றைய ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் போகக் கூடியது. அந்த வேகத்தில் 344 கிலோமீட்டரைக் கடக்க அரை மணி நேரம் கூட வேண்டாம், 26 நிமிடம் போதும். பிறகு ஏன் டிக்கெட்டில் ஒரு மணி இருபது நிமிடம் என்று போடுகிறார்கள்?

காரணம் இருக்கிறது. விமான நிறுவனத்தின் கடிகாரம், விமானம் நிறுத்தியிருந்த இடத்தை விட்டு நகர்ந்ததும் ஓடத் தொடங்குகிறது. ஹீத்ரோ உலகின் மிக நெரிசலான விமான நிலையங்களில் ஒன்று. ஓடுபாதைக்கு உருண்டு போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். மேலே ஏறியதும் முழு வேகத்தைப் பிடிப்பதற்குள் இறங்குவதற்கான நேரம் வந்து விடுகிறது. இறங்கிய பிறகும் நிறுத்துமிடம் வரை உருள வேண்டும். இதற்கு மேல் நிறுவனங்கள் கொஞ்சம் உபரி நிமிடங்களையும் சேர்த்துக் கொள்கின்றன. அட்டவணை நேரத்தில் இருந்து 15 நிமிடத்துக்குள் வந்து விட்டால் அது 'சரியான நேரத்துக்கு வந்த விமானம்' என்று கணக்கு. கொஞ்சம் கூட்டி எழுதினால் தாமதம் குறையும். தேர்வில் வினாத்தாளைச் சுலபமாக்கி தேர்ச்சி விகிதத்தை உயர்த்துவது போலத்தான்!

அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. நிறுவனம் தன் கையில் இருக்கும் நேரத்தை மட்டும் சொல்கிறது. பயணியின் நேரம் அது அல்ல, அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாரிஸ் கடிகாரம் லண்டனை விட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை 10 மணிக்கு லண்டனில் கிளம்பினால் டிக்கெட்டில் 12.20க்கு பாரிஸ் என்று இருக்கும். திரும்பும்போது 10 மணிக்குக் கிளம்பி 10.20க்கு லண்டன் வந்து சேர்ந்து விடலாம்! டிக்கெட்டைப் பார்ப்பவருக்குப் போவது நீண்ட பயணம் போலவும் வருவது மந்திரம் போலவும் தெரியும். இரண்டும் ஒரே பயணம்தான்.

கதவில் இருந்து கதவுக்கு

சரி, உண்மையான கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். லண்டனின் கிங்ஸ் கிராஸ் பக்கம் தங்கியிருக்கும் ஒரு மாணவி, பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போகிறாள் என்று வைத்துக் கொள்ளலாம். எல்லாம் தோராயம்தான், ஆனால் மிகை இல்லை.

விமானத்தில்:
பிக்காடில்லி பாதை ரயிலில் ஹீத்ரோ - 1 மணி
இரண்டு மணி நேரம் முன்னதாக வந்து சோதனை, காத்திருப்பு - 2 மணி
விமானம் - 1 மணி 20 நிமிடம்
பாரிஸில் குடிவரவு, பெட்டி எடுப்பது, நடப்பது - 40 நிமிடம்
புறநகர் ரயிலில் கார் து நோர் - 35 நிமிடம்
மொத்தம் - 5 மணி 35 நிமிடம்

ரயிலில்:
செயின்ட் பான்கிராஸ் நிலையத்துக்கு முன்னதாக வந்து சோதனை, காத்திருப்பு - 1 மணி 15 நிமிடம்
யூரோஸ்டார் - சுமார் 2 மணி 20 நிமிடம்
மொத்தம் - 3 மணி 35 நிமிடம்

ரயிலில் இறங்கியதும் பாரிஸில் பாஸ்போர்ட் வரிசை கிடையாது. பிரெஞ்சு அதிகாரிகள் லண்டன் நிலையத்திலேயே உட்கார்ந்து முத்திரை வேலையை முடித்து விடுகிறார்கள். இறங்கியவுடன் நேரே தெருவுக்கு வந்து விடலாம்.

இப்போது 344 கிலோமீட்டரை இந்த நேரங்களால் வகுத்துப் பாருங்கள். விமானத்தில் போனவளின் உண்மையான வேகம் மணிக்குச் சுமார் 62 கிலோமீட்டர். ரயிலில் போனவளுடையது 96. மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் வாகனத்தில் ஏறி, ஊருக்குள் ஓடும் பேருந்தை விடச் சற்று வேகமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

1919-ஐ இங்கே ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். அன்றைக்குக் காற்றில் இரண்டரை மணி. இன்றைக்கு அதில் பாதிக்கும் குறைவு. நூறு ஆண்டுகளில் பொறியாளர்கள் வானத்தில் மிச்சம் பிடித்ததை எல்லாம் தரையில் வரிசை தின்று விட்டது.

ஊர் பெயரில் ஒரு விளையாட்டு

இதில் விமான நிலையத்தின் பெயரும் சேர்ந்து கொண்டால் நிலைமை இன்னும் மோசம். சார்லஸ் டி கோல் விமான நிலையம் பாரிஸின் நடுவில் இருந்து சுமார் 25 கிலோமீட்டர். ஹீத்ரோ லண்டன் நடுவில் இருந்து கிட்டத்தட்ட அதே தூரம். இவை பரவாயில்லை ரகம். லூட்டன் லண்டனில் இருந்து 50 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது, ஆனால் பெயர் 'லண்டன் லூட்டன்'. பாரிஸ் பெயரைத் தாங்கிக் கொண்டு போவே என்ற ஊரில் ஒரு விமான நிலையம் இருக்கிறது. பாரிஸில் இருந்து அது சுமார் 85 கிலோமீட்டர். பல ஐரோப்பிய ஊர்களில் இருந்து மலிவு விமானங்கள் அங்கே வந்து இறங்குகின்றன. இறங்கியவர் பேருந்து பிடித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். ஜெர்மனியில் 'பிராங்க்பர்ட் ஹான்' என்று ஒன்று உண்டு. பிராங்க்பர்ட்டில் இருந்து 120 கிலோமீட்டர்!

மலிவு டிக்கெட் வாங்குகிறவர்களில் மாணவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். டிக்கெட்டில் மிச்சம் பிடித்த பணத்தில் பாதி பேருந்துக் கட்டணமாகப் போகும். விடிகாலை விமானம் என்றால் முந்தின இரவே கிளம்பி விமான நிலையத்துத் தரையில் படுக்க வேண்டியிருக்கும். இது எதுவும் 'ஒரு மணி இருபது நிமிடம்' என்ற எண்ணுக்குள் இல்லை.

தூரத்தைக் குறைக்க முடியுமா?

முடியும். தூரம் குறையாது, நேரம் குறையும். இந்தப் பாதையே அதற்கு நல்ல சாட்சி.

கால்வாய்ச் சுரங்கம் 1994 மே 6 அன்று திறக்கப்பட்டது. மொத்தம் 50 கிலோமீட்டர் நீளம், அதில் சுமார் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில். அதே ஆண்டு நவம்பர் 14 அன்று யூரோஸ்டார் ஓடத் தொடங்கியபோது லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் இருந்து பாரிஸுக்குச் சுமார் மூன்று மணி நேரம் ஆனது. (நெப்போலியன் தோற்ற போரின் பெயரைத் தாங்கிய நிலையத்தில் பிரெஞ்சுக்காரர்களைக் கொண்டு வந்து இறக்கிய பெருமை ஆங்கிலேயர்களையே சேரும்!) பிரான்ஸ் பக்கம் மணிக்கு 300 கிலோமீட்டரில் பறந்து வந்த ரயில், இங்கிலாந்து பக்கம் பழைய தண்டவாளத்தில் உள்ளூர் ரயில்களோடு மல்லுக்கட்டிக் கொண்டு ஊர்ந்தது.

2003-ல் புதிய பாதையின் முதல் பகுதி திறந்தது. 20 நிமிடம் மிச்சம். 2007 நவம்பர் 14 அன்று முழுப் பாதையும் திறந்து, ரயில் செயின்ட் பான்கிராஸுக்கு மாறியது. இன்னொரு 20 நிமிடம் மிச்சம். சுரங்கத்தில் இருந்து லண்டன் வரை போட்ட அந்தப் புதிய பாதையின் நீளம் 110 கிலோமீட்டர் கூட இல்லை. அதைப் போட்டதில் மூன்று மணி நேரப் பயணம் இரண்டேகால் மணியாகக் குறைந்தது. திறப்பதற்கு முன்பு, 2007 செப்டம்பரில், ஒரு சிறப்பு ரயில் பாரிஸில் இருந்து லண்டனுக்கு 2 மணி 3 நிமிடம் 39 வினாடியில் வந்து காட்டியது.

ஆக, இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தூரம் பூகோளம் மட்டும் அல்ல. எங்கே பணம் போடுவது என்று யாரோ எடுத்த முடிவும் அதில் இருக்கிறது.

சட்டத்தில் புகுந்த கடிகாரம்

இந்த நேரக் கணக்கு வெறும் பயணியின் தலைவலி என்றால் இத்தோடு நிறுத்தி விடலாம். ஆனால் பிரான்ஸ் இதை ஒரு சட்டமாகவே ஆக்கியது. 2021-ல் வந்த பருவநிலைச் சட்டத்தில், ரயிலில் இரண்டரை மணிக்குள் போகக் கூடிய ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். 2023 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. நல்ல யோசனை. உலகமே பாராட்டியது.

ஆனால் அந்த 'இரண்டரை மணி' எங்கிருந்து வந்தது? இந்த யோசனையை முதலில் சொன்ன மக்கள் மன்றம் - சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த 150 சாதாரணக் குடிமக்கள் - கேட்டது நான்கு மணி நேரம். பேரம் பேசிப் பேசி அது இரண்டரையாகச் சுருங்கியது. நான்கு மணி என்று வைத்திருந்தால் பாரிஸ் - மார்செய் போன்ற பெரிய பாதையும் உள்ளே வந்திருக்கும். இரண்டரை என்று வைத்ததில், பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில் இருந்து போர்தோ, நாந்த், லியோன் ஆகிய மூன்று ஊர்களுக்குப் போகும் பாதைகள் மட்டும் சிக்கின. அந்த மூன்றும் 2020-லேயே, அரசு உதவிப் பணத்துக்கான நிபந்தனையாகக் கைவிடப்பட்டவை!

இன்னும் கேளுங்கள். அதே மூன்று ஊர்களுக்கு சார்லஸ் டி கோலில் இருந்து விமானங்கள் தொடர்ந்தன. பெரிய விமான நிலையத்திலேயே அதிவேக ரயில் நிலையம் இருந்தால், அங்கிருந்து கிளம்பும் ரயிலைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது விதி. நகரத்து நிலையத்தில் இருந்து அளந்தால் ஒரு பதில், விமான நிலையத்து நிலையத்தில் இருந்து அளந்தால் வேறு பதில். ஊர் அதே ஊர்தான்.

லண்டன் - பாரிஸ் ரயில் நேரமும் இரண்டரை மணிக்குக் கீழே. ஆனால் அது உள்நாட்டுப் பயணம் அல்ல என்பதால் சட்டம் அதைத் தொடவே இல்லை. கடிகாரத்தை எங்கே வைத்து ஓட விடுவது என்று தீர்மானிப்பவரே முடிவையும் தீர்மானித்து விடுகிறார். இதைப் புரிந்து கொள்ளத்தான் இத்தனை கணக்கும்.

மறுபக்கமும் உண்டு

இதைப் படித்துவிட்டு ரயில் எப்போதும் நல்லது, விமானம் எப்போதும் கெட்டது என்று முடிவுக்கு வந்தால் அதுவும் தவறு. அதே கிங்ஸ் கிராஸ் மாணவியை ஹவுன்ஸ்லோவில் குடி வைத்துப் பாருங்கள். ஹீத்ரோ இருபதே நிமிடம். விமானத்தில் மொத்தம் ஐந்து மணிக்குச் சற்றுக் குறைவு. ரயிலுக்கு லண்டன் நடுவில் வரவே ஒரு மணி என்பதால் மொத்தம் நாலரை மணிக்குச் சற்று அதிகம். வித்தியாசம் இருபது நிமிடம்தான். டிக்கெட் விலை குறைவாக இருந்தால் அவள் விமானத்தில் போவதை யாரும் குறை சொல்ல முடியாது.

விலை என்றதும் இன்னொன்று. கடைசி நேரத்தில் வாங்கினால் யூரோஸ்டார் டிக்கெட் விலை கையைச் சுடும். விமானப் பயணிகளிடம் தலைக்கு ஒரு வரி வாங்குகிறார்கள் என்பது உண்மை. ஆனால் பன்னாட்டு விமானம் நிரப்பிக் கொள்ளும் எரிபொருளுக்கு வரி இல்லை. ரயிலோ மின்சாரத்துக்கும், சுரங்கத்துக்கும், அதிவேகப் பாதைக்கும் தனித்தனியாகப் பணம் கட்டுகிறது. புகை குறைவாக விடும் வாகனம் அதிக விலைக்கும், அதிகப் புகை விடும் வாகனம் குறைந்த விலைக்கும் கிடைத்தால் பாக்கெட்டில் காசு இல்லாத மாணவர் எதில் ஏறுவார்? அவருக்குப் பருவநிலை பற்றி உபதேசம் செய்வதை விட விலையைச் சரி செய்வது நியாயம்.

ரயிலுக்கும் கெட்ட நாட்கள் உண்டு. 2009 டிசம்பரில் பனியால் ஐந்து ரயில்கள் சுரங்கத்துக்குள் நின்று போய், 2000-க்கும் மேற்பட்ட பயணிகள் இரவெல்லாம் தவித்தார்கள். 2025 மார்ச்சில் கார் து நோர் பக்கத்தில் இரண்டாம் உலகப் போர் காலத்து வெடிகுண்டு ஒன்று கிடைத்து, அன்றைய ரயில்கள் ரத்தாயின. அதற்கு எதிர்ப்பக்கம், 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய விமானங்கள் நாள்கணக்கில் தரையில் நின்றபோது மக்களைக் கரை சேர்த்தது இதே ரயில்தான்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்றும் இருக்கிறது. தொடக்க காலத்தில் யூரோஸ்டாருக்கு அரை மணி முன்னால் வந்தால் போதும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு பாஸ்போர்ட் முத்திரை, நீண்ட வரிசை. 2025 அக்டோபரில் இருந்து ஐரோப்பிய எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் முறை படிப்படியாக வந்தது. கோடிக்கணக்கில் செலவு செய்து தண்டவாளத்தில் மிச்சம் பிடித்த 40 நிமிடத்தை ஒரு மேசை தின்று விட முடியும். விமானத்துக்கு நேர்ந்த கதி ரயிலுக்கும் நேரக் கூடாது என்றால், இனி வேகமான ரயிலை விட வேகமான வரிசைதான் தேவை.

லாசப்பல் வரை

கார் து நோர் நிலையத்தில் இறங்கி சில நிமிடம் நடந்தால் லாசப்பல் வந்து விடும். தமிழ்ப் பெயர்ப் பலகைகள், புடவைக் கடைகள், நகைக் கடைகள், இடியாப்பமும் கொத்து ரொட்டியும் கிடைக்கும் உணவகங்கள் என்று ஒரு குட்டி யாழ்ப்பாணமே அங்கே இருக்கிறது. போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழ்க் குடும்பங்களில் அண்ணன் லண்டனிலும் தங்கை பாரிஸிலும் என்று பிரிந்து வாழ்பவர்கள் ஏராளம். கல்யாணம், சாமத்தியச் சடங்கு, செத்தவீடு என்று இரண்டு ஊருக்கும் போக்குவரத்து ஓயாமல் நடக்கிறது.

அவர்களிடம் பாரிஸ் எவ்வளவு தூரம் என்று கேட்டால் 344 கிலோமீட்டர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "காலமை வெளிக்கிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கலாம்" என்பார்கள். அதுதான் சரியான அளவு. வீட்டில் தொடங்கி வீட்டில் முடிகிற கணக்கு அது.

டிக்கெட் விற்கும் தளங்கள் இதைக் கற்றுக் கொள்ள வேண்டும். பயணி எந்தத் தெருவில் இருந்து எந்தத் தெருவுக்குப் போகிறார் என்று கேட்டு, மொத்த நேரத்தையும் மொத்தச் செலவையும் விமானத்துக்கும் ரயிலுக்கும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவது இன்றைய கணினிக்கு ஒரு பெரிய வேலையே இல்லை. சட்டம் போடுகிறவர்களும் அதே அளவுகோலைப் பிடிக்கட்டும். அதுவரை, டிக்கெட் வாங்குவதற்கு முன் ஒரு தாளை எடுத்து மேலே போட்ட கணக்கைத் தன் வீட்டு முகவரியை வைத்து ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. ஐந்து நிமிட வேலை, இரண்டு மணி நேரம் மிச்சமாகலாம்.